மண்ராசாவின் முகம்

மூக்கு இன்னும் ஈரமாகவே இருக்கிறது, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் மூச்சு விட்டுவிடுவார் போல, களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மல்லாந்து கிடக்கிற மண்ராசா, அவர் தலைமாட்டில் முட்டிவரை சேறோடு சுகிர்தா, கனவிலும் அவளுக்கு இப்படித்தான் வருகிறது, வெயில் மட்டும் கனவில் சுடுவதில்லை. செய்யாற்றுப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில்லைச் சிற்பிகளும் ஓவியர்களும் தங்கி வேலை செய்யக் கொடுத்திருந்தார்கள், சாப்பாடு, கூரை, யாரும் கேள்வி கேட்காத ஒரு மாதம், அங்கே போனவள் தினமும் மண்ணைப் பிசைந்தாள், பிசைந்ததைத் திரும்பத் தொட்டியிலேயே போட்டாள், இரண்டு வருஷமாகக் கைக்கு ஒன்றும் வரவில்லை, சிற்பி என்று சொல்லிக்கொள்ளவே வெட்கம், இங்கேயும் வராவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். மில்லில் சமைக்கிற பூங்காவனம்தான், சும்மா மண்ணப் பாத்துக்கினு குந்தினு இருக்கறதுக்கு எங்கூரு படுகளத்துக்கு வாம்மா, ராசா மூஞ்சிக்கு ஆள் தேடறாங்க என்று இழுத்துப் போனாள். படுகளம் என்பது திருவிழாவின் கடைசி நாள் பாரதக் கூத்து, அதில் போரில் விழுந்த அந்த ராசாவின் தொடையைப் பிளப்பார்கள், பிளந்ததும் சனம் அந்த மண்ணை அள்ளிப்போய் நெல்லுக்குதிரில் போட்டுவைக்கும், விளைச்சல் பெருகுமாம், கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள், சாயங்காலத்துக்குள் முகம் வந்துவிட்டது, எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது, பயந்தே போனாள்.

வெடித்துவிடக் கூடாதே என்று, பழக்கதோஷம், ஈரக் கோணியால் முகத்தை மூடிவிட்டு மில்லுக்குத் திரும்பினாள், காலையில் களத்தில் பூங்காவனம் பாய்கிறாள், இன்னாம்மா நீ, உசுரோட கீற ராசாவுக்குப் பொணத்துக்காட்டம் கோடி போத்தி வெச்சிருக்க, எடு எடு. கோணியை எடுத்துக்கொண்டே சுகிர்தா கேட்டுவிட்டாள், தலையை மட்டும் அறுத்து எடுத்துக்கட்டுமா, எனக்கு வந்தது இது ஒன்றுதான். பூங்காவனம் சிரிக்கவில்லை, தலைய நீ எட்த்துக்கினா ராசா எப்டிம்மா சாவாரு.

கூத்துக்காரர் கதாயுதத்தோடு வருகிறார், காலில் சலங்கை, கண்ணில் வெறி, ஒரே அடி, தொடை பிளந்து உள்ளே வைத்திருந்த குங்குமத் தண்ணீர் பீறிடுகிறது, சனம் அடித்துப் பிடித்துக்கொண்டு விழுகிறது, கால் போயிற்று, மார்பு போயிற்று, கழுத்தருகே வந்து அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். ஒருத்தர் கையும் முகத்தில் படவில்லை. பாக்கறாருடி என்று யாரோ சொன்னார்கள், பூங்காவனம் குரலைத் தாழ்த்தி, உன்து நீயே எட்த்துக்கோம்மா, எங்களுக்குத் தொட மனசு வர்ல என்கிறாள். கேட்டது கிடைத்துவிட்டது, ஆள் வைத்துத் தூக்கினால் மில்லுக்கு வந்துவிடும், சுகிர்தாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அவள் செய்த எதன் முன்னாலும் ஓர் ஊர் இப்படி வாயடைத்து நின்றதில்லை, அழுகை வந்தது, சந்தோஷமா என்று அவளுக்கே விளங்கவில்லை, குனிந்தாள், ராசாவின் கன்னத்தில் கைவைத்தாள், விரல்களை உள்ளே இறக்கினாள். முதல் பிடி பூங்காவனத்தின் மடிக்கு, கண்ணொன்று முழுசாக அப்படியே போகிறது, அடுத்த மடி நீள்கிறது, அதற்கடுத்தது, எனக்கொரு பிடி தாயி, எங்க வூட்டுக்கொரு பிடி, கை ஓயவில்லை, எதுவும் வராத கை என்று அவள் வெறுத்துப்போயிருந்த அந்தக் கைகளுக்கு முன்னால் ஊரே மடியேந்தி நிற்கிறது.