திருஷ்டி மணி

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. ஊருக்கு வெளியே, லிம் சூ காங்கில் ஒரு காய்கறிப் பண்ணையின் கொட்டகையில் தீபாவளிக் கைவினைச் சந்தை காலை பத்து மணிக்குத் திறந்தது. மொத்தம் முப்பத்தொரு கடைகள்.

அந்த நேரத்தில் குணவதி, லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் தோழி கண்மணிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூமாலை, அகல்விளக்கு, கோலப்பொடி. எங்கே வாசல் தோரணம் தொங்கினாலும் கண்மணி நின்றுவிடுவாள். அவள் நின்ற ஒவ்வொரு தடவையும் குணவதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் மெஷின் வேலை," என்றாள் கண்மணி, கடைக்காரர் காதில் விழும்படியே. "முடிச்சே இல்ல பாரு, குணா. ஒரு பிள்ள இழுத்தா அம்புட்டும் தரையில."

"பிள்ளையப் பிடிச்சுக்குங்கக்கா," என்றார் கடைக்காரர்.

"உங்க வாய் மட்டும் ஒரிஜினல் லா," என்று சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

அவள் தோளில் தொங்கிய துணிப்பையில் அவளே கோர்த்த தோரணம் இருந்தது. பச்சை மணியில் ஒன்பது மாவிலை, இடையிடையே வெள்ளை மணியில் மல்லிகை மொட்டு. கடைசி இலையின் நுனியில் ஒரே ஒரு கறுப்பு மணி. குழந்தையின் கன்னத்தில் மை வைப்பதுபோல, கண் படாமலிருக்க அது. இரண்டு வருஷமாகக் கோர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தவள், போன வாரம்தான் தொலைபேசியில் சொன்னாள்: "இந்த வருஷம் பண்ணைச் சந்தைக்காரங்ககிட்ட காட்டிடப் போறேன். நீயும் வாடி. தனியாப் போனா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

வரமாட்டேன் என்று சொல்லக் குணவதிக்குக் காரணம் கிடைக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை.

ஆகஸ்டில் அவள் அந்தப் பண்ணையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தாள். சந்தையை நடத்தும் நூருன்னிசா, குணவதியின் கைப்பேசியில் அவள் வீட்டு வாசல் படத்தைப் பார்த்தாள். கண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மாதிரியைப் பார்த்துக் குணவதி கோர்த்த தோரணம் அந்தப் படத்தில் இருந்தது. "நீங்க செஞ்சதா ஆன்ட்டி?" ஆமாம் என்றாள். அது பொய்யில்லை. "உங்க டிசைனா?" அதற்கும் ஆமாம் என்றாள். முப்பத்தெட்டு வருஷம் அலுவலகத்தில் பிறர் எழுதிய கடிதங்களைத் தட்டச்சு செய்தவளிடம், இது உங்களுடையதா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

பிறகு சந்தையில் விற்கப் பன்னிரண்டு தோரணம் செய்து கொடுத்தாள். இந்த வாரம் கண்மணியிடம் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று அக்டோபர் வந்துவிட்டது.

"மழை வரும் போலிருக்கே," என்றாள் குணவதி இப்போது. வானத்தில் மேகமே இல்லை. "முட்டி வேற வலிக்குது. தேக்கா மார்க்கெட்ல சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமா?"

"பஸ்ல உட்கார்ந்துதானே போகப்போற? உன் முட்டிய நானா தூக்கிட்டு வரச் சொன்னேன்?"

தேக்காவின் கழிப்பறையில் நின்றபடி குணவதி நூருன்னிசாவுக்குச் செய்தி அனுப்பினாள்: எல்லாம் விற்றுவிட்டதா? உடனே பதில் வந்தது. இன்னும் மூணுதான் ஆன்ட்டி! இன்னிக்கு வர்றீங்களா?

கிராஞ்சியில் ரயிலிலிருந்து இறங்கி, பண்ணைப் பேருந்தில் ஏறினார்கள். ஜன்னலுக்கு வெளியே வலைப்பந்தலும் கீரைப் பாத்தியும் ஓடின.

"கண்மணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

கண்மணி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். புதுப் புடவை, காதில் விசேஷத்துக்குப் போடும் தோடு.

"தண்ணி கொண்டு வந்தியா?" என்றாள் குணவதி.

"இதுக்கா இம்புட்டு பீடிகை?" என்று பாட்டிலை நீட்டினாள்.

கொட்டகையின் வாசலிலேயே நூருன்னிசாவின் மேசை. அவளுக்குப் பின்னால் மூங்கில் கழியில் மூன்று தோரணங்கள், மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. குணவதி ஒரு தூணோடு ஒண்டி நின்றாள். கண்மணி நிமிர்ந்து பார்க்கவில்லை. பையைத் திறந்து, தோரணத்தை எடுத்து, சிக்கல் நீக்கி, மேசையில் விரித்தாள்.

நூருன்னிசாவின் முகம் மாறியது. "அழகாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா இது எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. வேற ஒருத்தங்க டிசைன். காப்பி அடிச்சத நாங்க எடுக்கிறதில்ல. தப்பா நெனச்சுக்காதீங்க."

"காப்பியா? நானா?"

நூருன்னிசா கழியைக் காட்டினாள். கண்மணி போய் ஒரு தோரணத்தைப் பிடித்தாள். முடிச்சைப் பார்த்தாள். இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசி இலைக்கு வந்தாள். அதன் நுனியிலிருந்த கறுப்பு மணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். பெயர் எழுதிய அட்டை காற்றில் மறுபக்கம் திரும்பியிருந்தது.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

நூருன்னிசா அப்போதுதான் தூணுக்கருகில் குணவதியைப் பார்த்தாள்.

அட்டை திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று குணவதிக்குத் தோன்றியது.

"நான்தான். டிசைன் இவளோடது, நூருன்னிசா. என்னோடதுன்னு நான் சொன்னது பொய்."

பக்கத்துக் கடையில் பானைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவர் தூரிகையை நிறுத்தினார். கண்மணி மணியை விடவில்லை.

"எடுத்ததுதான் எடுத்தே," என்றாள் மெதுவாக. "என் திருஷ்டியையுமாடி எடுத்தே?"

"நீ வெச்சிருந்தியேன்னு..."

"ம்."

நூருன்னிசா கழியிலிருந்த மூன்றையும் கழற்றி அட்டைகளைப் பிய்த்தாள். டிசம்பர் சந்தைக்கான படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். செய்பவர் பெயர் என்ற இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. கண்மணி முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடி நூருன்னிசாவிடம் கொடுத்தாள்.

திரும்பும்போது கண்மணி பேருந்தில் முன் இருக்கையில், ஒரு சீனக் கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் இறங்க வேண்டிய சுவா சூ காங்கில் ரயில் நின்றதும் எழுந்து இறங்கினாள். குணவதி தன் வீடிருக்கும் புக்கிட் பாத்தோக் வரை தனியாகப் போனாள்.

டிசம்பர் சந்தையில் கண்மணிக்குப் பதினான்காம் எண் கடை கிடைத்தது. குணவதியை அவள் கூப்பிடவில்லை.