லாரி மேல் காந்தி

...இந்த வாயை அன்றைக்கு ஒரே ஒரு நிமிஷம் மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா, இன்றைக்கு மூடியிருக்கிறாரே, காலை ஆறு மணிக்கு முகத்தில் முத்துவெள்ளை ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது, காப்பி வேண்டுமா என்று கேட்டால் கையை ஆட்டுகிறார், காந்தி வேஷம் போட்டால் மௌனமாம், மாலை கழுத்தில் விழுந்து, அப்புறம் அதைக் கழற்றுகிற வரைக்கும் பேசமாட்டாராம், பதினோரு வருஷமாக இதே வழக்கம். ஞானமணி லாரியின் இடது பக்கச் சக்கரத்தை ஒட்டி நடந்தாள், ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, இன்னொரு கையில் குடை. பங்காருபாளையத்து மாங்காய் லாரி அது, பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள், ஆனாலும் ஓரங்களில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ராட்டைக்கு முன்னால், இடுப்பில் நாலு முழத் துண்டோடு, காலை மடக்கி உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன் ஏசுரத்தினம், மிஷன் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர். மொட்டைத் தலை, பொக்கை வாய், எண்ணிவிடலாம் போலிருக்கிற விலா எலும்பு... சாமி கொடுத்த உடம்பு, இதற்கு என்றே கொடுத்த உடம்பு. சித்தூரில் யாருக்கு காந்தி வேண்டுமென்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் அறுபத்தொன்பது, நூற்றாண்டு, அதனால் லாரி, பேண்டு வாத்தியம், நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மைதானத்தில் மேடை, மேடையில் தாசில்தார். செத்துப் போனவருக்கு நூறு வயசு, உயிரோடு இருக்கிற என் மகளுக்குப் பதினெட்டு, அவளுக்கு எந்த லாரி, எந்த மேடை?

அவர் இடுப்பில், காந்திக் கடிகாரம் என்று கட்டிவிட்டிருந்த உடைந்த கடிகாரத்துக்குப் பக்கத்தில், அந்தக் காகிதம் செருகியிருந்தது. அவள்தான் காலையில் செருகினாள், அவர் தடுக்கவுமில்லை, சரி என்று தலையசைக்கவுமில்லை. ஜாதிச் சான்றிதழ். தாசில்தார் கையெழுத்துக்கு ஒரு விரல் அகல இடம் மட்டும் காலி. அது சனிக்கிழமைக்குள் திருப்பதி டீச்சர் ட்ரெய்னிங் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தால் ஹரிஜன் கோட்டாவில் மகள் கிரேஸுக்கு இடம், சேராவிட்டால் இல்லை, அடுத்த வருஷம் என்பதும் இல்லை, வயசு தாண்டிவிடும். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் அந்தக் கோட்டாவும் கிடையாது. இன்றைக்கு வியாழக்கிழமை. கவுன்சிலர் பாலசுந்தரம் நல்ல மனுஷன், அவர்தான் நேற்று சொன்னார், "அம்மா, மாலை போட தாசில்தார் லாரி மேலயே ஏறுவாரு, நல்ல மூடுல இருப்பாரு, உங்க வூட்டுக்காரரு கையக் கூப்பி, அன்னிக்கு வாய் தவறி சொல்லிட்டேன் சார், நாங்க இந்துதான்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நான் பேனாவோட பக்கத்துலயே நிக்கிறேன்." ஒரு வார்த்தை. உலகத்தில் ஒவ்வொருவன் ஒரு நாளைக்கு நூறு சொல்கிறான், இவருக்கு ஒன்று வராது. வந்தால்தான் ஆச்சரியம்.

பன்னிரண்டு வருஷம்... பன்னிரண்டு வருஷம் கட்டிய சுவர் அது, ஒரு செங்கல் தப்பாகாமல். கிரேஸை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பேரைக் கேட்டார், பின்னால் வரிசையில் நின்ற கங்கம்மாள் முதுகில் கிள்ளினாள், ஞானமணி கண் இமைக்காமல் யசோதா என்றாள், மதம் இந்து என்றாள். சபையில் பாதிப் பேர் அப்படித்தானே, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பேர், திங்கட்கிழமைக்கு ஒரு பேர், கோவிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒன்று, சர்க்காருக்கு ஒன்று, பாஸ்டருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். அவள் அண்ணன் கிருபானந்தம் தன் மகனைக் கோவர்த்தனன் என்று எழுதினான், அந்தப் பையன் இன்றைக்குத் தாலுகா ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு முதல் ஆளாக வந்து கேரல் பாடுகிறான், அவன் ஆத்துமாவுக்கு என்ன குறைந்துவிட்டது? எந்தச் சாமியும் ரிஜிஸ்டர் படிப்பதில்லை. ஞானமணி எல்லாம் சரியாகத்தான் செய்தாள். சான்றிதழ் விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வருகிறார் என்று தெரிந்ததும் சுவரிலிருந்து இயேசு படத்தை இறக்கிப் பாய்க்கு அடியில் வைத்தாள், எதிர்வீட்டுக் கமலம்மாவிடம் திருப்பதி வெங்கடாசலபதி காலண்டரை இரவல் வாங்கி அதே ஆணியில் மாட்டினாள், கிரேஸ் நெற்றியில் பொட்டு. ஆர்.ஐ. வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், காலண்டரைப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். "அம்மாயி, உங்க பொண்ணு பேரு யசோதா, கரெக்ட்டா?" அவ்வளவுதான் கேட்டார். ஆமாம் என்று சொல்ல இவருக்கு எவ்வளவு மூச்சு வேண்டும்? "இல்லீங்க சார், கிரேஸ். யசோதான்னு இஸ்கூல்ல எழுதிக்கினாங்க." ஆர்.ஐ.க்கே பாவமாகிவிட்டது, பேனாவை மூடிவிட்டு, "பெத்தாயனா, பெரியவரே, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க, காலண்டரெல்லாம் மாட்டி வெச்சிருக்கீங்களே" என்றார். அதற்கு இந்த மனுஷன், சிரிப்போடு, சிரிப்போடுதான், "அது எங்களுது இல்லீங்க, எதிர் வூட்டுது" என்றார். உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த ஞானமணிக்குக் கையில் முள் குத்தியது. அந்த முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, எடுக்க முடியவில்லை.

ஆர்.ஐ. போன பிறகு கேட்டாளே, ஏன் சொன்னே, அந்தக் கேள்வியை யார் உன்னைக் கேட்டது. "அக்டோபர் ரெண்டு ஆனா அந்த மனுஷன் துணியக் கட்டிக்கினு உக்கார்றேன் ஞானம். பொய் சொல்லிட்டு எப்படி உக்கார்றது?" உட்காராதே, யார் உட்காரச் சொன்னது, உனக்கு அவர் யார், தேசத்துக்கே நைனாவாம், இருக்கட்டும், நீ ஒருத்திக்கு நைனா, அதை முதலில் பார். ஹரிஜன் என்று பேர் வைத்தாரே உன் காந்தி, கடவுளின் பிள்ளைகள் என்று, அப்படியே இருக்கட்டும், ஆனால் தாலுகா ஆபீஸில் எந்தக் கடவுள் என்று கேட்கிறானே, சபைக்குப் போனால் நீ அந்தப் பிள்ளை இல்லை என்கிறானே. பறைச்சேரியில்தானே வீடு, தண்ணீர் எடுக்கப் போனால் எந்தக் கிணறு என்று யாரும் ஞானஸ்நானச் சர்டிபிகேட் பார்ப்பதில்லையே, அங்கே மட்டும் பழைய ஜாதி, சலுகை என்றால் புது மதமா?

பஜார் தெரு திரும்பியது, பூ விழுந்தது, ஒரு செட்டியார் கற்பூரம் காட்டினார். காட்டுங்கள், இதே ஆள் நாளைக்குச் சட்டையோடு வந்து உங்கள் கடையில் காப்பி கேட்டால் வெளியே நிற்கச் சொல்லித் தனித் தம்ளரில் ஊற்றுவீர்கள். ஏசுரத்தினம் செட்டியாரைப் பார்த்துக் கை கூப்பினார், குனிந்து, மெதுவாக, எல்லாருக்கும் கூப்புகிற மாதிரியே. வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் கூப்பிட்டாள். "இன்னா ஞானமணி, ஒன் வூட்டுக்காரருக்கு இன்னிக்கு துன்றதுக்கு ஆட்டுப்பாலும் கடலையும்தானா?"

"நேத்து அரைச்சட்டி கருவாட்டுக் கொழம்பு துன்னாரு, எறங்குனதும் கேட்டுப் பாரு."

"நீ இன்னா கொடய புடிச்சிக்கினு பக்கத்துல வர்ற, கஸ்தூரிபாயா?"

தெருவே சிரித்தது, ஞானமணியும் சிரித்துவைத்தாள், ஆனால் அந்தப் பேர் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கஸ்தூரிபாய்... அந்தக் கதையை வருஷா வருஷம் அவர் சொல்வார், வேஷத்துக்கு முந்தின நாள், ஹெட்மாஸ்டரிடம் கேட்ட கதை. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்த காலம், அவரிடம் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள் அவர் வீட்டிலேயே தங்குவார்கள், அறைக்கு அறை மூத்திரப் பானை, அதைப் புருஷனும் பெண்டாட்டியும்தான் கொட்ட வேண்டும். ஒரு குமாஸ்தா பஞ்சமர் வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவன். அவன் பானையைத் தூக்க அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை, அழுதுகொண்டே தூக்கினாள், அழுதுகொண்டு தூக்கக் கூடாது, சந்தோஷமாகத் தூக்க வேண்டும் என்று காந்திக்குக் கோபம், கையைப் பிடித்து இழுத்துப் போய் வாசல் கேட்டைத் திறந்துவிட்டார், வெளியே போ என்று. எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள், எங்கே போவேன், வெட்கமில்லையா உங்களுக்கு, கேட்டை மூடுங்கள் என்றாளாம். அவர் வெட்கப்பட்டு மூடினாராம். இந்த இடம் வந்ததும் ஏசுரத்தினம் சொல்வார். "அந்தப் பானை நம்ம ஆளோடது ஞானம். நம்ம ஆளுக்காகச் சொந்தப் பொண்டாட்டியவே வெளிய தள்ளப் போனாரு பாரு." நம்ம ஆளு. ஆமாம், நம்ம ஆள் என்று நினைத்தால் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் ஞானமணி மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா, இன்றைக்குக் கூடக் கிருஷ்ணம்மாவிடம் டியூட்டி மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறாள், இருபது வருஷமாகப் பெட்பேன் தூக்குகிறாள், ரெட்டி வீட்டுது, நாயுடு வீட்டுது, ஐயர் வீட்டுது, யாரும் அதை வைத்து ஒரு கதையும் சொல்வதில்லை. மகள் தூக்கக் கூடாது. மகள் நாற்காலியில் உட்கார வேண்டும், கரும்பலகைக்கு முன்னால், கையில் சாக்பீஸ் மட்டும். அது ஒன்றுதான் கேட்டது. அந்த ஒன்றை இந்த உண்மை விளம்பி...

மைதானம். லாரி மேடையை ஒட்டி நின்றது, பேண்டு நின்றது. பிள்ளைகள் வரிசையில் பழைய மாணவிகளோடு கிரேஸ் நின்றிருந்தாள், வெள்ளைத் தாவணி, முகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு ஸ்டூல் போட்டார்கள், தாசில்தார் ஏறினார், பின்னாலேயே கவுன்சிலர், சட்டைப் பையில் பேனா மின்னியது. மாலை விழுந்தது. அதற்கப்புறம் தாசில்தார் செய்ததை ஞானமணி எதிர்பார்க்கவில்லை, குனிந்து அவர் காலைத் தொட்டார், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஜனம் கை தட்டியது. போன மாதம் இதே ஆபீஸரின் அறை வாசலில் அந்தக் கால்கள்தான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க நின்றன. கவுன்சிலர் தாசில்தார் காதில் என்னவோ சொன்னார், ஏசுரத்தினத்தின் இடுப்பிலிருந்து காகிதத்தை அவரே உருவினார். தாசில்தார் படித்தார், ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, புருவம் ஏறியது, ஆனால் கோபமில்லை, மாலை போட்ட குளிர்ச்சி இன்னும் முகத்தில் இருந்தது. "ஏமய்யா, அன்னிக்கு வேற மாதிரி சொன்னீங்களாமே. நீங்க இந்துதானே?"

ஏசுரத்தினம் வாயைத் திறக்கவில்லை. மாலை இன்னும் கழுத்தை விட்டு இறங்கவில்லையே. ஞானமணி குடையை மடக்கினாள், சொல்லு, சொல்லித் தொலை, இல்லாவிட்டால் இல்லை என்றாவது சொல்லு, இப்படிக் கல்லாக உட்காராதே... சில்லு இல்லாத அந்தக் காந்திக் கண்ணாடியின் வெறும் கம்பி வளையங்களுக்குள்ளிருந்து அவர் கண் மெதுவாகத் திரும்பியது, தாசில்தாரைத் தாண்டி, கவுன்சிலரைத் தாண்டி, கீழே நிற்கும் அவள் மேல் வந்து நின்றது. அங்கேயே நின்றது. தாசில்தாரும் அந்தப் பார்வையின் பின்னாலேயே அவளைப் பார்த்தார்.

"இந்துதாங்க சார்." அவள் குரல்தான். "அன்னிக்கு அவருக்கு ஜுரம், இன்னா பேசுறோம்னு தெரியாம பேசிட்டாரு."

"காந்தி பொய் சொல்லமாட்டாரு, ஆனா காந்திக்கும் ஜுரம் வரும்" என்றார் தாசில்தார், மேடையில் சிரிப்பு. பிறகு ஏசுரத்தினத்தை நேராகப் பார்த்து, "அவ்வளவுதானே?" என்றார். ஏசுரத்தினம் கை கூப்பினார். குனிந்து, மெதுவாக, செட்டியாருக்குக் கூப்பின மாதிரியே, காலையிலிருந்து எல்லாருக்கும் கூப்பின மாதிரியே. ராட்டைப் பலகை மேல் வைத்துத் தாசில்தார் கையெழுத்துப் போட்டார், முத்திரைக்கு நாளைக்கு ஆபீஸுக்கு வரச் சொன்னார், இறங்கினார், ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. காகிதம் ஞானமணியின் கைக்கு வந்தது. ஓரத்தில் முத்துவெள்ளை அப்பியிருந்தது. கிடைத்துவிட்டது, கிரேஸுக்குக் கிடைத்துவிட்டது, திருப்பதி, நாற்காலி, சாக்பீஸ்... சந்தோஷம் எங்கே, வர வேண்டுமே, இப்போது வர வேண்டிய இடம்தானே?

கூட்டம் மேடைப் பக்கம் நகர்ந்தது. ஏசுரத்தினம் மாலையைக் கழற்றி ராட்டை மேல் வைத்தார், லாரி விளிம்புக்கு நகர்ந்து வந்தார், குனிந்தார், காலையிலிருந்து மூடியிருந்த வாயைத் திறந்தார். "கையெழுத்துப் போட்டுட்டாரா?"

தண்ணீர் கேட்பார் என்று நினைத்திருந்தாள். சொம்பு பாதி தூரம் உயர்ந்து அப்படியே நின்றது. "போட்டுட்டாரு" என்றாள்.

"பத்தரமா வெச்சிக்கோ. மடிக்காத. தண்ணி குடு ஞானம்."

மடிக்காதே என்கிறாரே. அப்படியானால் அந்தப் பார்வை... தாசில்தாரைத் தாண்டித் தேடி வந்து அவள் மேல் நின்றதே, அது மௌனமா, இல்லை, நீ சொல்லு என்பதா? அவர் வாய் சுத்தமாக இருக்கிறது, அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அடுத்த வருஷமும் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு உட்காரலாம், பானையைத் தூக்கியது அவள், அழாமல் கூட, அந்தக் கேட்டை யாரும் திறந்து காட்டாமலேயே. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டோம் என்றுதான் இருபத்திரண்டு வருஷம் எரிந்தாள், அந்த எரிச்சலில்தான் அடுப்பு மூட்டினாள், பெட்பேன் தூக்கினாள், அவர் சட்டையைத் துவைத்தாள், அதில் ஒரு பெருமை கூட இருந்ததோ என்னவோ, யாரிடமும் சொன்னதில்லை. இவர் அப்படியும் இல்லையென்றால்? ஏசுரத்தினம் வெள்ளை பூசிய கையை நீட்டியபடி இருந்தார், பொக்கை வாய் காய்ந்திருந்தது. ஞானமணி சொம்பை உயர்த்தினாள், முதலில் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள், அண்ணாந்து, நிறுத்தாமல், அவருக்கு மிச்சம் இருக்குமா என்று பார்க்காமல்.