சொல்லாமல் மேலே வந்தவள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உல்லாசக் கப்பல்களில் இடம் பதிவு செய்து கொடுப்பது என் பிரிவு. என் மேசைக்கு எதிரே எப்போதும் இரண்டு நாற்காலிகள் இருக்கும். ஒரு நாள் ஒரு பெண்மணி வந்து ஒன்றில் உட்கார்ந்தார், இன்னொன்றில் கைப்பையை வைத்தார்.

"ஒரு ஆளுக்கு ரூம் இருக்கா?"

"கப்பல்ல எல்லாமே ரெண்டு பேர் ரூம்தான் மேடம்."

"வருஷா வருஷம் இதையேதான் சொல்றீங்க. ரெண்டு கட்டிலையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க. குறுக்க படுத்துக்கறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கப்பல் நிற்கும் ஊர்களில் ஸ்கூபா உண்டா, சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்க விடுவார்களா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன். பதிவு செய்துகொண்டு கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கங்கள், எழுதிய வரிசைப்படி:

(அ) கடல் அன்று கண்ணாடியைப் போல இருந்தது, அவள் மனமும்—

(ஆ) இந்த வயதில் ஒரு பெண் எதற்காகக் கடலுக்கடியில்—

முதலாவதை அடித்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது ஒரு நாள் முழுக்க நின்றது. கப்பலின் சாப்பாட்டு மேசையில் அவளை எல்லோரும் கேட்கும் கேள்வியையே நானும் கேட்கிறேன் என்பது மறுநாள்தான் உறைத்தது. அதையும் அடித்தேன்.

(இ) அவள் பல் செட் செய்பவள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.*

* வேலை முடிந்ததும் மாலையில் ஒரு கதை எழுதும் வகுப்புக்குப் போகிறேன். அங்கே எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. எழுதியதை முதலில் ஜோடியிடம் காட்ட வேண்டும் என்பது வகுப்பின் முறை. என் ஜோடி ஒரு மருந்துக்கடை ஊழியர். "உங்க பக்கம் எங்க?" என்று வாராவாரம் கேட்பார். "இன்னும் முடியல" என்பேன். எல்லோரும் எழுந்திருக்கும் முன்பே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

3

அவள் பல் செட் செய்பவள். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு மெழுகிலும் பீங்கானிலும் பல் கட்டித் திருப்பி அனுப்புவாள். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரையும் பார்த்ததில்லை. ஆனால் அச்சைக் கையில் எடுத்தால் யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார், யார் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார் என்று சொல்லிவிடுவாள். நீளமான அறையில் ஜன்னலோர மேசை, கழுத்தை வளைத்த ஒரு விளக்கு. பல்லை இழைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் அங்கே பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

முதல் கப்பல் பயணம் அண்ணன் குடும்பத்தோடு. அண்ணிதான் கூப்பிட்டாள். "நீயும் வாயேன். பிள்ளைங்க ரூம்ல ஒரு கட்டில் சும்மாதானே கிடக்கு." அவளுக்குக் கப்பல் பிடித்துப்போனது. சும்மா கிடந்த கட்டில் பிடிக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து தனியாகப் போனாள்.

சாப்பாட்டு மேசை ஒவ்வொன்றும் எட்டுப் பேருக்கு. "வீட்டுக்காரர் வரலையா?" என்று யாராவது கேட்பார்கள். அடுத்த வேளை வேறு மேசைக்குப் போவாள். அங்கேயும் கேட்பார்கள். ஒரு துறைமுகத்தில் பொழுது போகாமல் ஸ்கூபா படகில் ஏறினாள். தண்ணீருக்குள் எல்லோர் வாயிலும் மூச்சுக்குழாயின் ரப்பர். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது. அதற்காகவே முறையாகக் கற்றுக்கொண்டு, வருடத்துக்கு ஒரு கப்பல் என்று வழக்கமாக்கிக்கொண்டாள்.

[இங்கே மீன்கள் வர வேண்டும். பவளப்பாறையும் வர வேண்டும். நான் கடலுக்குள் இறங்கியதில்லை. இதை எழுதுவதற்காக நீச்சல் குளத்தில் ஒரு பயிற்சிக்குப் போனேன். அடியில் நீலக் கற்களும், யாரோ தொலைத்த தலைமுடி ரப்பர் ஒன்றும் கிடந்தன. ஆனால் மூச்சின் சத்தம் எனக்குத் தெரியும். இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது காதோரம் குமிழிகள். யாரோ பக்கத்தில் தூங்குவது போல இருந்தது. அந்த ஒரு வரிக்காகப் பயிற்சிக் கட்டணம் தகும் என்று நினைத்துக்கொண்டேன்.]

4

ஆனால் கடலுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் தனியாக இறங்கக் கூடாது. தனியாக வருகிறவர்களை, கப்பலோடு கூடவே வரும் படகு மாஸ்டர் ஜோடி சேர்த்துவிடுவார். இந்த முறை அவளுக்கு வாய்த்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

"மேலயும் கீழயும் போறதுதாங்க என் பொழப்பு. லீவுலயும் அதேதான்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

அவருடைய மனைவி தண்ணீரில் இறங்குவதில்லை. தொப்பியும் குடையுமாகப் படகில் உட்கார்ந்திருப்பாள். "ஒரு மணி நேரம் இவர் வாய அடைக்க வேற வழியே இல்லீங்க. அதுக்குத்தான் மூச்சுக்குழாய்ல கடிச்சுக்கற ரப்பர நானே ஆசையா வாங்கிக் குடுத்தேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா மாட்டுறார். காலையில அத வாயில வெச்சுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னார் பாருங்க, மாடு மாதிரி."

"மாட்டுக்கு நீதானே புல்லு போடறே" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். தன் சத்தத்தைக் கேட்டு அவளுக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது. பிறகு ஜோடிகள் செய்வது போல ஒருவர் பட்டையை ஒருவர் இழுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் உடுப்பிலும் ஒரு மஞ்சள் குழாய் உபரியாகத் தொங்கும். தன் காற்றை அடுத்தவருக்குக் கொடுப்பதற்காக. அவர் அவளுடைய மஞ்சள் குழாயில் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

5

அடியில் என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய சிலிண்டரில் காற்று குறைந்து, அளவைக் காட்டும் முள் 'மேலே திரும்பு' என்ற குறிக்கு வந்துவிட்டது. லிஃப்ட்காரர் கொஞ்ச தூரத்தில், ஒரு பாறை இடுக்கில் எதையோ ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு முள்ளைக் காட்டினால் போதும், இரண்டு பேரும் சேர்ந்து மேலே வந்திருப்பார்கள். அவள் தொடவில்லை. தனியாக ஏறினாள். உடம்பு பழகுவதற்காக வழியில் சில நிமிடம் நிற்க வேண்டிய ஆழத்தில் ஒழுங்காக நின்று, படகில் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏன்? இங்கேதான் நான் வெகுநாள் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் பயந்துபோனாள் என்று எழுதினேன். பயந்தவள் வழியில் நின்று ஏற மாட்டாள். இரண்டாவதில் முள் கெட்டுப்போயிருந்தது. அது கதையை இயந்திரத்தின் தலையில் கட்டுவது. கடைசியில் அவள் கல்யாண வீடுகளிலிருந்து எப்படிக் கிளம்புவாள் என்று யோசித்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல், செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு. நாம் போனது யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம். இத்தனை வருடங்களில் அது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

இந்த முறை தெரிந்தது. லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். ஆளைக் காணோம். கொஞ்சம் தேடிவிட்டு மேலே வர வேண்டும் என்பது முறை. அவர் முறையை மீறித் தேடினார். மாஸ்டர் இறங்கிப்போய் அவரை இழுத்துக்கொண்டு வந்தார். அன்றைய இரண்டாவது இறக்கம் எல்லோருக்குமே ரத்தானது.

6

அவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். மனைவியின் குடை மடங்கிக் கிடந்தது.

"கைய காட்டியிருந்தா நானும் வந்திருப்பேனே."

"நீங்க ஆசையா பாத்துக்கிட்டு இருந்தீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு..."

"தொந்தரவா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "லிஃப்ட் குழியில மேல ஒருத்தன் நிப்பான், கீழ ஒருத்தன் நிப்பான். கீழ இருக்கறவன் குரல் குடுக்கலைன்னா மேல இருக்கறவன் என்ன நினைப்பான்? சொல்லுங்க."

அவள் துண்டை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் எழுந்து படகின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். மனைவி குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

மாஸ்டர் சுருக்கமாக முடித்தார். "ஜோடிய விட்டுட்டு வந்தவங்கள நான் இறக்கறதில்ல. நாளைக்குக் கடைசித் துறைமுகம். உங்ககூட வர்றேன்னு யாராவது அவங்க வாயால வந்து என்கிட்ட சொல்லட்டும். அப்ப பாக்கலாம்."

அந்தக் கடைசித் துறைமுகத்தின் அடியில் மூழ்கிப்போன பழைய சரக்குக் கப்பல் ஒன்று கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் அவள் இந்தப் பயணத்தையே தேர்ந்தெடுத்தாள். யாராவது ஒருவரைக் கேட்டால் போதும். அவள் கடைசியாக யாரையாவது ஏதாவது கேட்டது எப்போது என்று—

[இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. அப்படியே இருக்கட்டும்.]

7

திரும்பியதும் சாமான்களையெல்லாம் நல்ல தண்ணீர்த் தொட்டியில் அலச வேண்டும். மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் மட்டும் எல்லோருடையதையும் அலசிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது.

லிஃப்ட்காரரின் மூச்சுக்குழாய் கைக்கு வந்தது. அன்று காலைதான் பிரித்த புத்தம்புது ரப்பர். உள்ளே பல்லால் பிடித்துக்கொள்ள இரண்டு சின்ன நாக்குகள் இருக்கும். பழக்கத்தில் விரலை விட்டுத் தடவினாள். இடப்பக்கம் பல் வரிசை ஆழமாகப் பதிந்திருந்தது. வலப்பக்கத்து நாக்கு ஏறக்குறைய அறுந்து, ஒரு நூலளவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் கடிகளைப் பார்த்தவள். வலியில் கடித்தது, கோபத்தில் கடித்தது, கெட்ட கனவில் கடித்தது. புது ரப்பர் ஒரே இறக்கத்தில் இப்படி ஆக வேண்டுமென்றால் அந்தத் தாடை எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதும் தெரியும்.

தொட்டித் தண்ணீர் அசங்காமல் நிற்கும்வரை அங்கேயே நின்றாள்.

8

முடிவுகள்.

ஒன்று: அவள் லிஃப்ட்காரரின் அறைக் கதவைத் தட்டுகிறாள், அவர் சிரித்தபடி 'வாங்க' என்கிறார், மறுநாள் இருவரும் மூழ்கிய கப்பலை— இது எங்கள் அலுவலக விளம்பரத் தாளில் வர வேண்டியது.

இரண்டு: அவள் தட்டவில்லை. அறைக்குப் போய், சேர்த்துப் போட்ட கட்டிலில் குறுக்கே படுத்துக்கொள்கிறாள். இது எனக்கு மிகவும் இயல்பாக வந்தது. ஒரே மூச்சில் எழுதினேன், ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

மூன்று: சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். விரிப்புப் போட்ட நீளமான நடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். கையில் அந்த ரப்பர். தட்டுகிறாள். மனைவி திறக்கிறாள்.

"ஏங்க, உங்க ஜோடி வந்திருக்காங்க."

அவர் வந்து நிற்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது கடிச்சுக் கடிச்சு அறுந்துபோச்சு" என்று நீட்டுகிறாள். "உங்க கடிக்குத் தகுந்த மாதிரி நானே வேற செஞ்சு தர்றேன். ஊருக்குப் போனதும் அனுப்பறேன்." அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அதற்காக வரவில்லை என்று அவருக்குத் தெரிகிறது. அவளுக்கும் தெரிகிறது.

"நாளைக்கு என்கூட இறங்குவீங்களா?"

கேட்டுவிட்டாள். இதற்கு மேல் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். அவர் 'சரி' என்றால் நானே எனக்குச் சொல்லிக்கொள்வது போல இருக்கிறது. 'மாட்டேன்' என்றாலும் அப்படித்தான். அந்தப் பதில் இன்னொருவர் வாயிலிருந்து வர வேண்டும். அதனால் நாளை வகுப்பில் மருந்துக்கடைக்காரரிடம் இந்தப் பக்கங்களைக் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்னால் இப்போது உங்களிடம்.

அவள் வாசலில் நிற்கிறாள். கதவு திறந்திருக்கிறது.

என் காற்று இவ்வளவுதான். முள்ளைப் பாருங்கள். நான் மேலே போகிறேன், உங்கள் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.