தலைவர் இன்னொரு முறை சொல்லட்டும்

1

இந்தக் கதை ஒரு கரடித்தோலில் பிறந்தது. கார்பாத்திய மலையடிவாரத்தில், நான் வழக்கமாகக் குடிக்கப்போகும் கடையின் சுவரில் அது தொங்குகிறது. தலைவர் சுட்ட கரடி. ஒரே ஓட்டை.

"சுட்டது ரெண்டு பேரு," என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தாமல். தலைவர் செத்துப் பல வருடமாகிறது. இப்போது எல்லோருக்கும் தைரியம்தான்.

(நாட்டின் பெயரை எழுதி அடித்துவிட்டேன். இனி வரும் தலைவர் என் கற்பனை.)

2

முதல் தொடக்கம்: "சர்வ வல்லமை படைத்த தலைவர் துப்பாக்கியைத் தூக்கியபோது காடே நடுங்கி..." வேண்டாம். காடு ஒன்றும் நடுங்கவில்லை.

தலைவருக்குக் குறி வராது. அவர் விசையை அழுத்தும் அதே நொடியில், பின்னால் புதரில் படுத்திருக்கும் ஸகாரியா சுடுவான். கரடி விழும். அமைச்சர்கள் கைதட்டுவார்கள். தலைவருக்கோ ஸகாரியா வெறும் துப்பாக்கி துடைக்கிறவன்.

3

ஸகாரியாவின் மைத்துனன் கொர்னேல் ரொட்டி வரிசையில் நின்று ஒரு ஜோக் சொன்னான். உள்ளே போட்டுவிட்டார்கள். கல்குவாரிச் சிறை. இருமினால் ரத்தம். இந்தக் குளிரைத் தாங்கமாட்டான்.

ஒரு வேட்டை முடிந்த சந்தோஷ நேரம் பார்த்து, ஸகாரியா தலைவரிடமே கேட்டுவிட்டான்.

"அடப்பாவி, இதுக்கா உள்ள வச்சிருக்காங்க? விட்டுருங்கய்யா அவன!" என்று சிரித்தார் தலைவர்.

உள்துறை அமைச்சர் வொய்னேஸ்கு தலையாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

[இவரைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பயந்தவர், அவ்வளவுதான்.]

"பிடின்னா அன்னிக்கே பிடிப்போம். விடுன்னா, ரெண்டாந்தடவ சொல்லட்டும்னு இருப்போம்ப்பா," என்றார் அவர் ஸகாரியாவிடம். "எனக்கு முன்னால இருந்தவன் ஒரே சொல்லுல ஒருத்தன விட்டான். தலைவர் சும்மா ஆழம் பாத்திருக்காரு. இப்ப அவன் எங்கன்னு எனக்கே தெரியாது."

முதல் முறையே நடந்துவிட்டது என்று நினைப்பவர் இரண்டாம் முறை ஏன் சொல்லப்போகிறார்?

4

அடுத்த வேட்டை. அன்று காலை ஸகாரியாவின் மனைவி வெதூரியா அவன் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காலப் பிடிச்சாவது கேளுய்யா. எந்தம்பி செத்துருவான்."

கேட்கவே தேவைப்படவில்லை. தலைவரே ஆரம்பித்தார். "என்னடா, மச்சான் வந்துட்டானா?"

அமைச்சர் முந்திக்கொண்டார். "வந்துட்டான் அய்யா. சோளக்களியும் பாலாடைக்கட்டியுமா தின்னு தேறிட்டான்."

தலைவர் ஸகாரியாவைப் பார்த்தார். "அப்படியா?"

"இல்லை" என்று சொன்னால், பொய்யை மறைக்க, பொழுது சாய்வதற்குள் அமைச்சரின் ஆட்கள் கொர்னேலைக் கொன்று புதைத்துவிட்டு, விடுதலையாகி வரும் வழியில் செத்தான் என்பார்கள். "ஆமாம்" என்று சொன்னால், இரண்டாம் உத்தரவு என்றைக்கும் வராது.

முடிவு அ: "இல்லை" என்று ஸகாரியா வாய்திறக்க...

முடிவு ஆ: கரடி பாய்ந்துவரும்போது ஸகாரியா சுடாமல் இருக்கிறான். அடித்துவிட்டேன். தலைவர் செத்தாலும் அமைச்சர்கள் அதே அமைச்சர்கள்தானே.

"ஆமாங்கய்யா," என்றான் ஸகாரியா. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டு துப்பாக்கியும் ஒன்றாக வெடித்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

5

இந்தக் கதையிலாவது எல்லாம் என் சொல்படி நடக்கும் என்றிருந்தேன். கொர்னேல் இன்னும் உள்ளேதான் இருமிக்கொண்டிருக்கிறான். இங்கே முடித்தால் செத்துப்போவான். அதனால் முடிக்கமாட்டேன், எழுதுகிறேன்: கொர்னேலை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் முறையும் எழுதுகிறேன்: கொர்னேலை விட்டுவிடுங்கள்.

வாசிக்கும் நீங்கள் இன்னும் அசையவில்லை. நானும் ஆழம் பார்க்கிறேன் என்று நினைக்கிறீர்களா?