அணைத்தாலும் அழியாத திரை

தங்கையைக் கட்டியவனாயிற்றே என்று அவனை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். மூன்றே வருஷத்தில் என் வயிற்றெரிச்சலுக்கு அவன் ஒருவனே போதும் என்றாகிவிட்டது.

கைக்கடிகாரத்துக்கான ஒளிரும் திரை எங்கள் வேலை. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒளிர வேண்டும் என்று நொடிக்கு அறுபது தடவை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும். பேட்டரியை அதிகம் தின்னாமல் அதைச் சொல்கிற சிப் என்னுடையது, ஒன்பது வருஷ உழைப்பு. இவன் வந்து, சொல்லவே வேண்டாம் என்றான். புள்ளிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரே ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். கரண்ட்டை நிறுத்தி எப்போது கொடுத்தாலும் அதே படம் வருமாம். இரண்டில் ஒன்றைத் தலைமைப் பொறியாளர் வெள்ளிக்கிழமை தேர்ந்தெடுப்பதாக இருந்தார்.

"மச்சான், உங்க சிப்பைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு" என்றான். பணிவு வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் செய்து வைத்திருந்த மாதிரித் திரையை என் கணினியில் மாட்டி, 'ஓசி மாப்பிள்ளை' என்று தட்டினேன். பளிச்சென்று வந்தது. ஆசை தீரப் பார்த்துவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். அணைத்தால் எல்லாம் போச்சு, அதுதானே என் ஒன்பது வருஷப் பழக்கம். நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். "செவ்வாய்க்கிழமை காலையில ஒரு கட்டம் போட்ட படம் எழுதி வச்சேன் சார். அதுதான் இப்ப வரும்." ஸ்விட்சைப் போட்டான்.

ஓசி மாப்பிள்ளை.

யாரும் சிரிக்கவில்லை. அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான்.

"என்னப்பா, கட்டத்தைக் காணோம்?" என்றார் தலைமைப் பொறியாளர்.

அவன் காது சிவந்திருந்தது. "இது நான் எழுதினது இல்ல சார். யாரோ எனக்குத் தெரியாம எழுதிட்டு அணைச்சிருக்காங்க. அப்படியும் அழியாம நிக்குது. இதைவிட நல்ல சாட்சி வேணுமா?"

அந்த நிதானத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"சரி, இதையே எடுத்துக்கலாம்" என்றார் அவர். "எவ்வளவு காலம் நிக்கும்?"

"பத்து வருஷம் சார்." என் பக்கம் திரும்பினான். "மேல வேற எழுதினாத்தான் போகும், மச்சான்."

கீபோர்டை என் முன்னால் தள்ளி வைத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.