எழுதாத இறக்கம்

பாகீரதிக்குக் கச்சேரியன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. காப்பியை ஆற்றி வைத்துவிட்டுக் குடிக்க மறந்தாள். வயலின்காரி சௌந்தரத்துக்கு மூன்று முறை போன் செய்து, மூன்று முறையும் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: எழுதினபடியே வாசி.

கல்கத்தா சால்ட் லேக்கில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது அவள் வேலை. வேலை போக மீதி நேரத்தில் அதைப் பாட வைக்க முயன்றாள். ஆரம்பத்தில் அது எங்கே பாடியது? ஊதியது. எல்லா ஸ்வரங்களும் ஒரே மாதிரி பிறந்து ஒரே மாதிரி செத்தன. ஒரு நாதத்துக்குள் பல நாதங்கள் இருக்கின்றன, அவை ஒரே சமயத்தில் எழுவதில்லை என்று பிடிபட்ட பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. எது எப்போது எழ வேண்டும், எங்கே வளைய வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று அத்தனையையும் எண்களாக்கி ஊட்டினாள். ஒரு வருஷப் பாடு, கடைசியில் கால் மணி நேர ஒலிநாடாவாக வந்து நின்றது.

அந்த நாடாவோடு சேர்ந்து வாசிக்கத்தான் சௌந்தரம். பவானிபூரில் பாங்க் உத்தியோகம், கல்லூரி நாளிலிருந்து சிநேகம். நாடா ஒரு ஸ்வரத்தில் நிற்க, வயலின் வேறொன்றில் நின்று இழைய வேண்டும். இம்மி விலகினாலும் காது கூசும். அதனால் வயலினுக்கும் பாகீரதி சட்டம் போட்டிருந்தாள்: இங்கே வில்லை அழுத்து, இங்கே விரலை அசைக்காதே.

“நான் என்ன உன் கம்ப்யூட்டரோட இன்னொரு ஒயராடி?” என்று சௌந்தரம் ஒருநாள் கேட்டாள்; ஆனாலும் பாகீரதி சொன்னபடியேதான் வாசித்தாள்.

லேக் மார்க்கெட் பக்கத்துச் சபாவில் துர்கா பூஜைக் கச்சேரிகளுக்கு நடுவே ஓர் இடம் கிடைத்திருந்தது. காரியதரிசி ஸ்ரீனிவாசராகவன் கறாராகச் சொல்லிவிட்டார்: “சங்கீதமா இல்லேன்னா நானே மேடை ஏறி நிறுத்திடுவேன். அப்புறம் இந்தச் சபால உன் மிஷின் பேச்சே கூடாது.” கல்கத்தாவில் இதைக் காது கொடுத்துக் கேட்க வேறு சபா கிடையாது. அது பாகீரதிக்கு நன்றாகத் தெரியும்.

மின்சாரத்தை நம்ப முடியாத ஊர் என்று வீட்டு ஸ்டெபிலைசரையும் டாக்சியில் தூக்கி வந்திருந்தாள். பாவம், படித்தவள்.

முதல் பாதி சொன்ன சொல் தட்டாமல் நடந்தது. பிறகு இருட்டியது. ஊர் முழுக்கப் பூஜைப் பந்தல் விளக்குகள் எரியத் தொடங்கின. நாடாவின் சுருதி மெல்ல இறங்க ஆரம்பித்தது.

பாகீரதி ஸ்டெபிலைசரைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டெபிலைசர் வோல்டேஜைத்தான் பிடித்து நிறுத்தும். இத்தனை விளக்குகளின் பாரத்தில் மின்சாரத்தின் துடிப்பு தளர்ந்தால் அதற்கென்ன தெரியும்? டேப் மோட்டாரோ அந்தத் துடிப்பின் வேகத்தில் சுற்றுகிற ஜாதி. ஒத்திகையெல்லாம் ஞாயிறு மதியம், ஊரே உண்டு உறங்கும் வேளையில் நடந்தது. ஒவ்வொரு நாதத்தையும் கணக்கிட்டவள் மோட்டாரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வயலினும் நாடாவும் உரசிக்கொண்டன. ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியை விட்டு எழுந்தார். பாகீரதியின் கை சுவிட்சுக்குப் போயிற்று.

சௌந்தரம் நிமிர்ந்து அவளை ஒரு முறை முறைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்த உரசலை ஒரு கணம் அப்படியே வலிக்க விட்டு, விரலை மெதுவாகக் கீழே வழுக்கினாள். நாடா இறங்க இறங்க, சற்றுப் பின்தங்கி, மனசில்லாமல் போகிறவள் போல அவளும் இறங்கினாள். கூடத்தில் இருமல்கூட நின்றுவிட்டது. எழுந்தவர் உட்கார்ந்தார். தான் எழுதியதில் இதற்கு ஈடாக ஓர் இடமும் இல்லை என்பது பாகீரதிக்குப் புரிந்தது. பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

முடிந்ததும் காரியதரிசி மேடைக்குப் பின்னால் வந்தார். “அந்த இறங்கற இடம், எப்படிம்மா தோணித்து? அடுத்த வருஷமும் நீங்க ரெண்டு பேரும் வரணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சௌந்தரத்தின் முகம் பூரித்திருந்தது. “டேப்பைச் சொல்லாம மாத்திட்டியேன்னு முதல்ல கோவம்தான் வந்தது. அப்புறம்தான் புரிஞ்சுது. எனக்குன்னு ஒரு இடம் விட்டிருக்கே. இத்தனை வருஷத்துல முதல் தடவை.”

ஆமாம் என்று பாகீரதி சொல்லியிருக்கலாம்.

“நான் விடலை, சௌந்தரம். கரண்ட் தளர்ந்து டேப் மெதுவா சுத்திடுத்து.”

சௌந்தரம் வயலினைப் பெட்டியில் படுக்க வைத்து மூடினாள்.

“அப்போ நான் இன்னும் ஒயர்தான். அடுத்த வருஷத்துக்கு வேற யாரையாவது பாத்துக்கோ” என்றாள்.