எச்சில் தொடாத பந்து

1934 ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, எங்கள் ஒஹையோ ஊரான பெல்டனின் பேஸ்பால் மைதானத்தில் விர்ஜில் ஸ்டாம்பர் வீசிய வளைபந்து, நான்கு நாட்களாகியும் மட்டைக்காரனிடம் வந்து சேரவில்லை. கையை விட்டதும் ஒழுங்காகத்தான் வளைந்தது, நிறுத்தத்தான் மறந்துவிட்டது. தபாலாபீசில் இடப்பக்கம் திரும்பியதைத் தபால்காரர் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மாவு மில்லை இரண்டு தடவை சுற்றியது.

அதுவோ கடைசி வீச்சு. சரியாக விழுந்தால் வெற்றி எங்களுக்கு, தப்பாக விழுந்தால் பக்கத்து ஊர் மார்லோவுக்கு. பந்து காற்றில் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தச் சட்டமில்லை என்று அம்பயர் ஏசா புரூயிட் சொல்லிவிட்டார். மனுஷர் தன் சவரக் கடையையே மூடிவிட்டு நின்றார். மார்லோவின் மட்டைக்காரன் கிளீட் மூடி சுண்ணாம்புக் கட்டத்துக்குள் நின்றபடியே தின்றான், நின்றபடியே தூங்கினான். வெளியே கால் வைத்தால் அவுட். எட்டு வருடமாக எங்களிடம் தோற்றவர்கள் அவனை விடுவார்களா என்ன!

புதன்கிழமை மத்தியானம் அவன் மைத்துனன் லாரியில் வந்து, ஐடெல்லாவுக்கு வலி எடுத்துவிட்டது என்றான். கிளீடின் மனைவி அவள். முன்பே இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். கிளீட் கால் தூக்கினான். அவன் ஆட்களே அதட்டினார்கள். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

அப்போதுதான் விர்ஜில் அம்பயரிடம் நடந்து போனான்.

"பந்துல எச்சி தொட்டுத்தான்யா போட்டேன்."

எச்சில் தொடுவது பதினான்கு வருடமாகத் தடை. தொட்டால் அது தப்பு வீச்சு, அங்கேயே ஆட்டம் முடிந்தது.

"நான்தானேய்யா தொடைச்சுக் குடுத்தேன்?" என்றார் ஏசா.

"அதுக்கப்புறம் தொட்டேன்."

விர்ஜிலின் வாய் வறண்டு உதடு வெடித்திருந்தது. ஏசா அதைப் பார்த்தார், கிளீடின் காலைப் பார்த்தார். தப்பு வீச்சு என்று கை காட்டினார். வெற்றி செல்லுபடியாக, கிளீட் சட்டப்படி மைதானத்தின் முதல் மூலையை மிதித்துவிட்டு, அப்படியே வேலி தாண்டி லாரியில் ஏறினான். தோற்ற நாங்கள் அப்பாடா என்று புல்லில் உட்கார்ந்தோம்.

அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்து, ஆறு மைல் தள்ளி எங்களுக்கே கேட்கும்படி அழுதது. விர்ஜில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். அவனை மார்லோக்காரர்கள் இன்றும் எச்சிக்கை என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிளீட் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு கிடையாது. பந்து இன்னும் வளைந்துகொண்டுதான் இருக்கிறது. தாழ வந்தால் குனிந்துகொள்கிறோம்.